நடு வட்டத்தில் பந்தல்கால்

வெள்ளறடைக்குப் போகிற பஸ் கல்லூரி முக்கில் நின்றது. ஜெம்மா இறங்கினாள். நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே திரும்பி அதே பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

முக்கில் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு நின்றது. சாதாரண போர்டு இல்லை. அதைத் தாங்கி நின்ற சட்டத்தில் ஒரு ஏழைக் குடும்பம் கூரை போட்டுக் குடியிருக்கலாம், அத்தனை பெரியது. "பல்கலைக்கழகப் பெண்கள் பாஸ்கட்பால்: இந்த முறையும் நாமே!" என்று மேலே எழுதியிருந்தது. நடுவில் கல்லூரி மேனேஜர் கிருஷ்ணன்குட்டியின் முகம், முற்றிய பலாப்பழம் அளவில். அவருக்கு வலப்பக்கம் பிரின்சிபால் ஷியாமளா, தேங்காய் அளவில். இடப்பக்கம் பந்தல் காண்டிராக்டர் சிபி, மாங்காய் அளவில். சுற்றிலும் விழாக் கமிட்டி, மைக் செட்டுக்காரர், போர்டு அடித்த பிரஸ்காரர், பிரஸ்காரரின் சின்ன மகன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு. அவன் எந்தப் பந்தை எந்தக் கூடையில் போட்டான் என்று தெரியவில்லை. ஜெயித்த பெண்கள் எல்லோரும் கோப்பைக்கு அடியில் கடுகு மாதிரி சிதறிக் கிடந்தார்கள்.

அந்தப் பெண்களை ஜெயிக்க வைத்த ஜெம்மா எங்குமே இல்லை.

அதற்காக அவளுக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. ஆனால் அது சின்னக் கோபம், ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கி விடக்கூடியது. பெரிய கோபம் போர்டின் கடைசி வரியில் காத்திருந்தது.

"விழா மேடை: கல்லூரி பாஸ்கட்பால் கோர்ட். பந்தல் கால்நாட்டு வெள்ளிக்கிழமை காலை."

"சவம்!" என்றாள் ஜெம்மா. பக்கத்து மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் மேய்ந்து கொண்டிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

அவள் குரல் அப்படி. அவள் விசிலைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். கல்லூரிக் கோர்ட்டில் அவள் விசிலடித்தால் பாறசாலை ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி நின்றுவிடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது மிகை. வண்டி நின்றதில்லை, வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜெம்மா பொழியூர்க் கடற்கரையில் பிறந்தவள். பிறக்கும்போதே நீளமாம். தொட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலில் அவள் அம்மா துணி காயப்போடுவாள் என்று கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. ஊர்க்காரர்கள் எதையும் பெருக்கித்தான் சொல்வார்கள்; அம்மா காயப்போட்டது ஒரே ஒரு துவர்த்துத் துண்டு. பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் தென்னை மரத்தில் ஒரு இரும்பு வளையத்தை அடித்து வைத்திருந்தார்கள். அந்த வளையத்தில் பந்து போட்டுப் போட்டே அவள் மாவட்டத்துக்கு ஆடினாள், மாநிலத்துக்கு ஆடினாள், பிறகு வடக்கே போய், சோறு கிடைக்காத குளிரில் கிடந்து, பயிற்சியாளர் படிப்பையும் முடித்து வந்தாள். மீன்பிடிக்கிற வீட்டுப் பெண் பந்து விளையாடப் படித்தாளாம் என்று கேட்டுச் சிரித்தவர்கள் எல்லோரும் பின்னால் தங்கள் பெண்களை அவளிடம் கொண்டுவந்து விட்டார்கள். யாரும் சிரித்ததை ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது கல்லூரியில் பெண்களுக்கு இருந்த ஒரே விளையாட்டு, சாயங்காலம் பஸ்ஸை ஓடிப் பிடிப்பது. கோர்ட் கிடையாது. ரப்பர் ஷீட் உலர்த்துகிற ஒரு மேடு இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, கல் பொறுக்கி, பிள்ளைகளோடு சேர்ந்து தானும் மண் சுமந்து சமப்படுத்தினாள். காங்கிரீட் போட்டபோது நடு வட்டத்தை அவளே குனிந்து, கயிறு பிடித்து வரைந்தாள். கூடைக்கம்பங்களைத் தூக்கி நிறுத்தக் கிரேன் வேண்டும், கிரேனுக்கு அனுமதி வேண்டும் என்றார்கள். அனுமதி வரவில்லை. ஜெம்மாவின் தம்பி ரபேல் வந்தான். கூட அவனுடைய கரமடிக்காரர்கள், வடங்களைத் தோளில் போட்டுக்கொண்டு. "ஏலேலோ" என்று இரண்டு இழு. கம்பம் நிமிர்ந்து நின்றது. மூன்றாவது இழுப்பு இழுத்திருந்தால் கல்லூரிக் கட்டிடமும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

கரமடி என்பது கரையிலிருந்து இழுக்கிற பெரிய வலை. வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, ஆட்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, இரண்டு வடத்தையும் ஒரே தாளத்தில் இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி வரும். மீனை யாரும் தொடுவதில்லை. மீனுக்கு இருக்கிற இடம்தான் குறைந்துகொண்டே போகும்.

ஜெம்மாவின் தடுப்பாட்டமும் அதுதான். எதிராளியின் கையில் பந்து வந்ததும் அவள் பெண்கள் இரண்டு பக்கமும் விரிவார்கள். கைகள் மேலே, முழங்கால் மடங்கி, பாதங்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும். மெதுவாகச் சுருக்குவார்கள். பந்து வைத்திருக்கிறவளுக்கு முன்னே வழி இருப்பது போலவே தெரியும், போனால் இருக்காது.

"தொட்டா ஃபவுல்" என்பாள் ஜெம்மா. "ஆளைத் தொடாத மக்கா. அவளுக்க எடத்தை எடு. கண்ணைப் பாத்து ஏமாறாத, கையைப் பாத்து ஏமாறாத. இடுப்பு எங்க திரும்புதோ ஆளு அங்கதான் போவும்."

பெரிய நகரத்துக் கல்லூரிகளில் தலைமைப் பயிற்சியாளருக்குக் கார் உண்டு, துணைக்கு ஆட்கள் உண்டு, தோற்றால்கூடப் பேட்டி உண்டு. இங்கே ஜெயித்துக்கொண்டே இருந்த ஜெம்மாவுக்கு ஒரு சாவி மட்டும் உண்டு, பந்து வைக்கிற அலமாரிக்கு. அதையும் வாட்ச்மேனிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கோப்பைகள் எல்லாம் மேனேஜர் அறையில் இருந்தன. ஒன்றில் பிளாஸ்டிக் ரோஜா, ஒன்றில் பேனாக்கள். இருப்பதிலேயே பெரிய கோப்பையில் அவருடைய குடையைச் சொருகி வைத்திருந்தார்.

இதையெல்லாம் ஜெம்மா பொறுத்துக்கொண்டாள். ஆனால் கோர்ட்டில் குழி என்ற விஷயத்தில் அவளுக்குப் பொறுமை கிடையாது. காரணம் ஜின்சி.

சில வருஷங்களுக்கு முன் கலைவிழா என்று சொல்லிக் கோர்ட்டின் ஓரத்தில் குழி தோண்டிப் பந்தல் போட்டார்கள். விழா முடிந்ததும் குழியில் கொஞ்சம் ஜல்லி, கொஞ்சம் சிமெண்ட் போட்டு மூடினார்கள். மேலே பூசிய பூச்சு அழகாகத்தான் இருந்தது. அதியன்னூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஜின்சி ஒரு நாள் ரீபவுண்டுக்குத் துள்ளினாள். அவளைப் போல் துள்ளுகிற பெண்ணை அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. துள்ளினால் மேலேயே நின்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கீழே வருவாள். அன்று இறங்கிய கால் அந்த மூடிய குழியின் மேல் விழுந்தது. பூச்சு உடைந்தது. முட்டில் ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஜின்சி விளையாடவில்லை. இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. கல்லூரி நிர்வாகத்திலிருந்து ஒருவர்கூட அவளைப் போய்ப் பார்க்கவில்லை. "விளையாட்டுன்னா அடிபடும்" என்றார் கிருஷ்ணன்குட்டி. அந்தச் சொல்லை ஜெம்மா இன்றுவரை மறக்கவில்லை.

இப்போது குழி ஓரத்தில் கூட இல்லை. விசாரித்தபோது தெரிந்தது, நட்ட நடு வட்டத்தில். தென்மண்டலப் போட்டிக்கோ அடுத்த வாரம் ரயில் ஏற வேண்டும்.

போர்டைப் பார்த்த அதே காலையில் ஜெம்மா மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள். உள்ளே கிருஷ்ணன்குட்டியும் ஷியாமளாவும் விழா அழைப்பிதழைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"வாங்க டீச்சரே, இருக்கணும். போர்டு பாத்தியளா? கொள்ளாமா, நல்லா இருக்கா?"

"பாத்தேன் சார். கோர்ட்டுல குழி தோண்டப்பிடாது."

"குழியா? ஹே, அது கால்நாட்டு. மங்கள காரியமாக்கும்."

"மங்கள காரியமானாலும் டிரில்லு வச்சு உடைச்சாத்தானே கால் எறங்கும்? பந்தல் போட வேற எடமே இல்லியா?"

கிருஷ்ணன்குட்டி சாய்ந்து உட்கார்ந்தார். "எங்க உண்டு சொல்லுங்கோ. பின்னால ரப்பர். சைடுல பைக் நிக்கும். கோர்ட்டுதான் நல்ல பரந்து கெடக்கு, சும்மாதானே கெடக்கு."

"சும்மா கெடக்கா?" ஜெம்மாவின் குரலில் ஜன்னல் கண்ணாடி லேசாகக் கிணுகிணுத்தது. "நாங்க அதுல என்ன, சீட்டா களிக்குதோம்? ஆபீசுக்கு முன்னால புல்லு போட்டிருக்கியளே, அங்க போடலாமே."

ஆபீஸ் முன்னால் இருந்தது மேனேஜரின் புல்தரை. வெளிநாட்டுப் புல்லாம். அதற்கென்று ஒரு ஆள், ஒரு கத்தரி, ஒரு குழாய். அதில் கால் வைத்த பிள்ளைகளை அவர் பெற்றோரோடு வரச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை அதில் வந்து உட்கார்ந்த காக்கைக்கும் அப்படிச் சொல்லப் பார்த்தார், அது காத்திருக்கவில்லை.

"புல்லுல குழியா?" என்றார் அவர், மனம் நொந்தவராக. "டீச்சரே, அது உயிருள்ள ஒரு சாதனமாக்கும்."

"எனக்க பிள்ளையளுக்கு உயிரு இல்லியா?"

ஷியாமளா சமாதானத்துக்கு வந்தாள். "ஜெம்மா, இது உங்க டீமுக்க வெற்றி விழா. உங்களுக்கு வேண்டித்தானே எல்லாரும் ஓடுதோம். கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்யுங்கோ."

"நல்ல கதை! பாஸ்கட்பால்ல ஜெயிச்சதுக்குப் பாஸ்கட்பால் கோர்ட்ட உடைக்குதிய. பரிச்சைல ஜெயிச்சா கிளாஸ இடிப்பியளா?"

கிருஷ்ணன்குட்டியின் முகம் சிவந்தது. "ஜோசியர் எடம் குறிச்சாச்சு, சமயம் குறிச்சாச்சு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்னால நடு வட்டத்துல கால் நடணும். நான் என் கையால நடுவேன். இனி பேச்சு வேண்டாம்."

ஜெம்மா கதவு வரை போனாள். திரும்பினாள். கோப்பையிலிருந்த குடையை உருவி மூலையில் சாத்தி வைத்தாள். பிறகுதான் வெளியே போனாள்.

அன்று சாயங்காலம் பொழியூரில், கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ரபேலிடம் அவள் கொட்டித் தீர்த்தாள். அவள் பேசப் பேச அலை பின்வாங்கியது என்று கடற்கரையில் இன்றும் சாதிப்பார்கள். கடல் வற்றுகிற வேலியிறக்க நேரம் அது, வேறொன்றுமில்லை.

"அக்காளே, ஒரு வார்த்தை சொல்லு" என்றான் ரபேல். "நம்ம ஆளுவள கூட்டிட்டு வாறேன். பந்தலுக்க கம்பையும் மேனேஜரையும் சேத்துக் கட்டிக் கடல்ல தள்ளிரலாம்."

"போலே. அந்தாளு விழுந்தா மீனெல்லாம் கரையேறிரும். அடிதடி வேண்டாம்."

"பின்ன கேஸ் குடுப்பியா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள எந்தக் கோர்ட்டு எனக்க கோர்ட்டுக்கு வரும்?"

ரபேல் வலையை உதறினான். "அப்ப விட்டுக் குடுக்கப் போறியா?"

தூரத்தில் ஒரு கரமடி ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு கூட்டமும் வடத்தை இழுத்தபடி மணலில் பக்கவாட்டாக அடியெடுத்து நெருங்கிக்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தாள். எதிர் அணிப் பயிற்சியாளர்கள் பார்த்தால் உடனே டைம் அவுட் கேட்கிற சிரிப்பு அது.

"ரபேலே, காலம்பற பிராக்டீஸுக்குப் பிரின்சிபால் எனக்கு எத்தனை மணி வரை நேரம் தந்திருக்கு தெரியுமா? பதினொண்ணு."

வெள்ளிக்கிழமை காலை கோர்ட்டில் கல்லூரியே கூடியிருந்தது. கமிட்டிக்காரர்கள் மடிப்புக் கலையாத வேட்டியில் நின்றார்கள். ஷியாமளா கையில் குத்துவிளக்கு. சிபியின் ஆட்கள் டிரில் மிஷினை வைத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். மாவிலையும் பூவும் கட்டிய கமுகங்கால் ஒன்று கிருஷ்ணன்குட்டியின் தோளில் இருந்தது. சிபி, "சாறே, பாரமாக்கும், பசங்க எடுக்கட்டும்" என்று சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. போட்டோவில் அவர் தோளில்தான் இருக்க வேண்டும்.

கோர்ட்டின் உள்ளே ஜெம்மாவின் பெண்கள் பிராக்டீஸ் செய்துகொண்டிருந்தார்கள்.

"டீச்சரே, பிள்ளையள மாறச் சொல்லுங்கோ" என்றார் கிருஷ்ணன்குட்டி.

"பிராக்டீஸ் நேரமாக்கும் சார். டிஃபென்ஸ் டிரில் நடக்குவு. நீங்க பாட்டுக்கு வாங்க. எனக்க பிள்ளைய யாரையும் தொடாது."

அவர் கோட்டைத் தாண்டி உள்ளே காலை வைத்தார். ஜெம்மா விசிலை ஒரு தரம் ஊதினாள்.

பந்து ஓரத்துக்கு உருண்டு போனது. பெண்கள் விரிந்தார்கள். கேப்டன் அஸ்வதி அவருக்கு நேர் முன்னால் வந்து நின்றாள், முழங்கால் மடக்கி, கை விரித்து. அவள் அப்பா வெள்ளறடையில் ஆட்டோ ஓட்டுகிறவர். சந்து கண்டால் நுழைகிற கலையை அவர் கற்றிருந்தார், நுழைகிறவரை மறிக்கிற கலையை மகள் கற்றிருந்தாள். பின்னால் அபினா. பூவாற்றுப் பக்கத்துக் கடற்கரைப் பெண், கையை விரித்தால் ஒரு தோணியின் பாய் மாதிரி இருக்கும், வெயில்கூட அனுமதி கேட்டுத்தான் தாண்டும்.

கிருஷ்ணன்குட்டி இடப்பக்கம் நகர்ந்தார். அஸ்வதி இடப்பக்கம் நகர்ந்தாள். அவர் வலப்பக்கம் வந்தார். அங்கே இன்னொருத்தி இருந்தாள்.

"மாறுங்க பிள்ளையளே!"

"நாங்க எங்கயும் தொடல்லியே சார்" என்றாள் அஸ்வதி, மிகுந்த மரியாதையோடு.

"இடுப்பைப் பாரு அபினா!" என்று ஓரத்திலிருந்து ஜெம்மா குரல் கொடுத்தாள். "வேட்டியப் பாத்து ஏமாறாத!"

சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். மாடி வராந்தாவிலிருந்து யாரோ "டிஃபென்ஸ்! டிஃபென்ஸ்!" என்று கை தட்ட, கீழே நின்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

கிருஷ்ணன்குட்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வயதில், அந்தப் பாரத்தோடு, அவர் செய்த காரியத்தை நம்புவது கஷ்டம். வலப்பக்கம் பார்த்து, வலப்பக்கம் ஒரு காலை வைத்து, சட்டென்று இடப்பக்கம் பாய்ந்தார். நல்ல ஏமாற்று. நகரத்துக் கல்லூரிகளில் இதைக் கற்றுக்கொடுக்கப் பல மாதங்கள் பிடிக்கும். ஆனால் அபினா அவர் கண்ணைப் பார்க்கவில்லை. அவர் பாய்ந்து முடித்தபோது அவள் அங்கே ஏற்கெனவே நின்றிருந்தாள், கையை விரித்து, இளித்துக்கொண்டு. கமுகங்காலிலிருந்து ஒரு மாவிலை உதிர்ந்தது.

"சிபி! மிஷினக் கொண்டு உள்ள வா!"

சிபி டிரில்லைத் தூக்கிக்கொண்டு நான்கடி வந்தான். இரண்டு பெண்கள் அவன் முன்னால் வந்தார்கள். அவன் நின்றான். "சாறே, இது முடியாது" என்றான். "இந்தப் பிள்ளையளுக்க ஃபைனல் நான் பாத்தவனாக்கும். எதிர்ல ஆடினவளுவ அரை மைதானம் தாண்டதுக்குள்ள அழுதாளுவ. நான் மிஷின வச்சிட்டு எங்க போவேன்?"

"உனக்குக் கூலி தாறது நானாக்கும்!"

"செரி சாறே. வழி தாங்க, நான் தோண்டுதேன்."

வலை மெதுவாகச் சுருங்கியது. யாரும் அவரைத் தள்ளவில்லை, யார் விரலும் அவர் வேட்டி நுனியில் படவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அவர் திரும்பும்போதும் இருந்த இடம் கொஞ்சம் குறைந்தது. நடு வட்டத்தை நோக்கிப் புறப்பட்டவர், எப்படி என்றே தெரியாமல், மூலைக்கு வந்திருந்தார். வியர்வை சட்டையை நனைத்துவிட்டது. ஷியாமளாவின் விளக்கில் திரி ஒன்றொன்றாக அணைந்தது. யாரும் அதைப் பற்ற வைக்கவில்லை. கமிட்டிக்காரர்களும் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெம்மா! இது தோன்னியவாசம்! திமிரு! உன்னை நான் சஸ்பெண்ட் செய்வேன்!"

டீச்சர் போய் வெறும் ஜெம்மாவாகிவிட்டதை எல்லோரும் கவனித்தார்கள். ஜெம்மாவும் கவனித்தாள்.

"விசில் ஊதின பிறகு பேசுவோம் சார்" என்றாள். "அஸ்வதி, இடது கால் சோம்புது மக்கா! தாழ நில்லு! ஜின்சிக்க முட்ட நெனச்சுக்கிட்டு நில்லு!"

அதைக் கேட்டதும் கைதட்டல் ஒரு கணம் நின்றது. ஜின்சியோடு படித்தவர்களின் தங்கைகள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். பிறகு கைதட்டல் மறுபடி எழுந்தபோது அதில் விளையாட்டு இல்லை. கிருஷ்ணன்குட்டி மாடியை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக அவர் கண்ணில் ஒரு சந்தேகம் வந்தது. அது ராகுகாலத்தைப் பற்றிய சந்தேகம் மட்டும்தானா என்று சொல்ல முடியாது.

பத்தரை மணி அடித்தது.

ஜெம்மா நீளமாக விசில் ஊதினாள். பாசஞ்சர் வண்டி அன்று ஸ்டேஷனில் இல்லை, தப்பித்தது. பெண்கள் சட்டென்று இரண்டு பக்கமும் விலகி, நடு வட்டம் வரை அகலமாக வழி விட்டு நின்றார்கள்.

"இனி போலாம் சார்" என்றாள் அஸ்வதி. "கால் நடுங்க."

கிருஷ்ணன்குட்டி தோளில் கமுகங்காலோடு நின்றார். வழி திறந்து கிடந்தது. நடு வட்டம் வெயிலில் பளபளத்தது. ஆனால் ராகுகாலம் பிறந்துவிட்டது. ராகுகாலத்தில் அவர் வீட்டில் ஒரு ஆணி அடித்ததில்லை, முகச்சவரம் செய்ததில்லை. ஒரு அடி வைத்தார். பின்னால் நின்ற கமிட்டிக்காரர் ஒருவர் "சாறே, வேண்டாம்... குடும்பம் உண்டு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். கிருஷ்ணன்குட்டி கமுகங்காலைக் கீழே இறக்கி வைத்துவிட்டார்.

"ராகு கழிஞ்சு பன்னெண்டுக்கு மேல நடலாம்" என்றார்.

"நடலாம் சாறே, ஆனா காங்கிரீட்டுல முடியாது" என்றான் சிபி. "மிஷின் வாடகைக்கு எடுத்ததாக்கும். இப்ப பாலராமபுரத்துக்குக் கல்யாணப் பந்தலுக்குப் போவணும். இனி கடப்பாரைதான். கடப்பாரை எறங்கணும்னா நல்ல எளகின மண்ணா வேணும்." அவன் சுற்றிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "எளகின மண்ணுன்னா... நம்ம ஆபீசுக்கு முன்னால மட்டும்தான் உண்டு."

அழைப்பிதழ்கள் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமைக்கு எம்.பி. வருகிறார். வேறு வழி இல்லை. பகல் பன்னிரண்டுக்கு மேல் கிருஷ்ணன்குட்டி தன் கையாலேயே தன் வெளிநாட்டுப் புல்லின் நடுவில் கால் நட்டார். போட்டோவில் அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, பிரஸ்காரர் இரங்கல் போர்டுக்கா என்று போன் செய்து கேட்டார்.

சாயங்காலமே ஜெம்மாவுக்கு மெமோ வந்தது. கொண்டுவந்து கொடுத்த ஷியாமளா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஜெம்மா, எனக்கு வேற வழியில்ல. விளக்கம் எழுதித் தரணும்."

"தாறேன். ஜின்சிக்க முட்டுக்கு ஒரு விளக்கம் எழுதி நீங்க தாங்க. அதுக்குக் கீழ நான் எழுதித் தாறேன்."

ஷியாமளா மெமோ நகலை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நீங்க தென்மண்டலத்துக்குப் போயிட்டு வாங்க, பின்ன பாப்போம்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். அது உதவியா, பயமா என்று ஜெம்மா யோசிக்கவில்லை. அவளுக்குப் பந்துக்குக் காற்றடிக்கிற வேலை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விழா நடந்தது. ஆபீஸ் முன்னால் பந்தல், புல்லின் மேல் நாற்காலிகள், நாற்காலிகளின் மேல் செருப்புக்கால் ஆட்டுகிற பெரிய மனிதர்கள். மைக்கில் கிருஷ்ணன்குட்டி "நாம் பட்ட பாடு", "நாம் செய்த தியாகம்" என்று பேசிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ரப்பர் மரங்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தொம், தொம் என்று பந்து தட்டுகிற சத்தம் வந்தது. "இப்போது நமது வெற்றி வீராங்கனைகள் மேடைக்கு வருவார்கள்!" என்று அறிவித்தார்கள். தொம், தொம். மறுபடி அறிவித்தார்கள். யாரும் வரவில்லை. கடைசியில் பொன்னாடைகள் எல்லாம் கமிட்டிக்காரர்களின் கழுத்திலேயே விழுந்தன. பிரஸ்காரரின் சின்ன மகனுக்கும் ஒன்று விழுந்தது.

அந்த நேரத்தில்தான் மேற்கே இருட்டிக்கொண்டு மழை வந்தது.

"எட்டி பிள்ளையளே, வட்டம் நனையுது!" என்று கத்தினாள் ஜெம்மா. தண்ணீர் தேங்கினால் அன்றைய பயிற்சி போச்சு, செவ்வாய்க்கிழமை ரயில். மூட ஒரு தார்ப்பாயும் இல்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன சாமான்களில் தார்ப்பாயும் ஒன்று.

அபினா பஸ் நிற்கிற முக்கைப் பார்த்தாள். அஸ்வதியும் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஓடினார்கள். அவர்கள் பின்னால் மற்றவர்கள். மழையில் திரும்பி வந்தபோது, கரமடி வலையைச் சுமந்து வருகிற மாதிரி, அத்தனை பேர் தலைமேலும் அந்தப் பெரிய ஃப்ளெக்ஸ் விரிந்திருந்தது. ஊரில் விழா முடிந்த ஃப்ளெக்ஸ் எல்லாம் கோழிக்கூட்டையும் விறகையும் மூடத்தான் போகும். இது விழா முடியும் வரைகூடக் காத்திருக்கவில்லை.

நடு வட்டத்தின் மேல் விரித்தார்கள். நான்கு மூலையிலும் கல் வைத்தார்கள். பலாப்பழம் அளவு முகம் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. மழை அதன் நெற்றியிலும் மீசையிலும் பட்டுத் தெறித்தது.

"டீச்சரே, சாறுக்க மூஞ்சி மேல கெடக்குவு" என்றாள் அஸ்வதி. "திருப்பிப் போடட்டா?"

"என்னத்துக்கு? சாயம் எளகி நம்ம கோர்ட்டுல ஒட்டவா?" ஜெம்மா நெற்றித் தண்ணீரை வழித்து எறிந்தாள். "கெடக்கட்டும். இத்தனை வருஷத்துல அந்தாளு இந்தக் கோர்ட்டுக்கு ஒரு உபகாரம் செய்யணும்னா இதுதான் உண்டு."

மழை கொட்டி ஓய்ந்தது. பெண்கள் ஃப்ளெக்ஸை நான்கு பக்கமும் பிடித்துத் தூக்கி, தண்ணீரை ரப்பர் காட்டுப் பக்கம் சரித்துவிட்டார்கள். அடியில் நடு வட்டம், அவள் கயிறு பிடித்து வரைந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே, தண்ணீர் தேங்காமல் முழுசாகக் கிடந்தது.

ஜெம்மா பந்தை அதன் நடுவில் வைத்தாள். விசிலை வாயில் வைத்தாள்.

"டிஃபென்ஸ்" என்றாள்.